கேட்டைத் தாண்டாத வடை

இன்று ஞாயிற்றுக்கிழமை. லாரி பிடித்து பிரிஞ்சாங் டவுனுக்குப் போனேன், ஒரே ஒரு இறால் வடைக்காக.

எனக்கில்லை. அண்ணி மூன்று மாதக் கர்ப்பிணி. தேயிலைக் கொழுந்து வாசனைக்கே அவளுக்குக் குமட்டுகிறது. ஆனால் டவுனில் 'நானா' என்று நாங்கள் கூப்பிடும் முஸ்லிம் அண்ணன் கடை வடையை மட்டும் தூக்கத்தில்கூடக் கேட்கிறாள்.

"ஒன்னு பொட்டலம் கட்டிக் கொடுங்க நானா" என்றேன்.

"எமர்ஜென்சி தெரியாதா தங்கச்சி? வழியில சாப்பாடு கையில இருந்தா, காட்டுல ஒளிஞ்சிருக்கிற கம்யூனிஸ்ட்காரனுக்குக் கொண்டு போறேன்னு புடிச்சிருவாங்க. இங்கேயே தின்னுட்டுப் போ லா."

தின்றேன். சுடச்சுட வடை, மேலே முழு இறால், கடித்துக்கொள்ளப் பச்சை மிளகாய். இத்தனை ருசியான ஒன்றை இத்தனை கோபத்தோடு நான் தின்றதே இல்லை.

கை கழுவவில்லை.

எஸ்டேட் கேட்டில் காவலர் என் கூடையைக் கவிழ்த்தார். கொண்டையை அவிழ்க்கச் சொன்னார். கையை மோந்து பார்க்க மட்டும் அவருக்குத் தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அண்ணி என் விரல்களை மூக்கருகே பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாள்.

"இறால் பெருசா?"

"பெருசுதான் அண்ணி."

"சோம்பு போட்டிருக்காரு." இன்னொரு முறை மோந்து பார்த்தாள். பிறகு சொன்னாள்: "ராத்திரி வரைக்கும் கழுவாத லா."

அதனால் இதை இடது கையால் எழுதுகிறேன். எழுத்துக் கோணலைப் பொறுத்துக்கொள்ளுங்கள். வலது கை இன்னும் அவளிடம்தான் இருக்கிறது.

உங்கள் எஸ்டேட் லயத்து வீடுகளில் யாராவது ஒரு முழு வடையைக் கேட் தாண்டிக் கொண்டுவந்திருந்தால், எப்படி என்று சொல்லுங்கள். மெதுவாகச் சொல்லுங்கள்.