பிரேம் போட்ட உயில்

பிரேம்காரம்மா சாவைப் பற்றிப் பேசும்போது குரலைத் தாழ்த்துவதில்லை. முப்பத்தைந்து ஆண்டுகளாக இறந்தவர்களின் படங்களுக்குப் பிரேம் போட்டுக் கொடுப்பவர் அவர். படத்தோடு கடைக்கு வரும் பிள்ளைகள் அவர் மேசைக்கு முன்னாலேயே சண்டையைத் தொடங்குவார்கள்.

"வீட்டப் பத்தி அப்பா எங்கிட்டதான் சொன்னாரு."

"எங்கிட்டயும்தான் சொன்னாரு."

அம்மாள் நிமிராமல் கேட்பார்: "ஒரு படமா, ரெண்டு படமா?" பெரும்பாலும் இரண்டு.

அவரைச் சாந்தமானவர் என்று யாரும் சொன்னதில்லை. சரியாக அளப்பவர் என்பார்கள். அதற்கு மேல் புகழத் தேவையுமில்லை.

கீழே கடை, மேலே இரண்டு அறைகள். எல்லாம் அவர் சம்பாதித்துக் கட்டியது, அவர் பெயரில் இருப்பது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. உடன் இருப்பவள் கடைசித் தங்கை. வயது நாற்பத்தொன்பது, ஆனாலும் எல்லோருக்கும் குட்டிதான். குட்டிக்கு எழுதப் படிக்க வராது, தனியாகப் பஸ்ஸில் போய்வரவும் முடியாது. ஆனால் அவள் துடைத்துக் கொடுத்த கண்ணாடியில் விரல்ரேகை ஒன்றைக்கூடப் பார்க்க முடியாது. இருவருக்கும் நடுவில் பிறந்தவர் ஒரு தம்பி. அடுத்த தெருவில் குடும்பத்தோடு இருக்கிறார், பெயிண்ட் கடைக்காரர்.

போன வருடம் அம்மாள் பித்தப்பைக் கல்லுக்காக நான்கு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். வீடு திரும்பியதும் குட்டி சொன்னாள்: "அண்ணன் வந்துச்சு. கூட ஒருத்தர். செவுத்துல டேப் வச்சு அளந்தாங்க."

"எந்தச் செவுத்துல?"

"எல்லாச் செவுத்துலயும். என் ரூம்லயும்."

அம்மாள் தம்பியோடு சண்டைக்குப் போகவில்லை. வக்கீலிடம் போனார். உயில் இல்லாமல் அவர் போய்விட்டால் வீடு தம்பிக்கும் குட்டிக்கும் பாதிப் பாதி. குட்டியின் பாதியைக் கவனிக்கும் பொறுப்பும் தம்பியின் கைக்கே போய்ச் சேரும் என்றார் வக்கீல். வீட்டை விற்றுவிட்டு அவளை எங்கே கொண்டுபோய் வைத்தாலும் கேட்க ஆளிருக்காது.

அம்மாள் எழுதச் சொன்னது இதுதான்: குட்டி தன் ஆயுள் முழுக்க அந்த வீட்டில் இருப்பாள். அதுவரை யாரும் அதை விற்கக் கூடாது. கடை வாடகை அவள் செலவுக்கு. அவளுக்குப் பிறகு வீடு தம்பிக்கு. இதையெல்லாம் நடத்தி வைக்கும் பொறுப்பு எதிர்வீட்டு டீச்சருக்கு.

செய்தி தெரிந்ததும் தம்பி கடைக்கு வந்தார்.

"என்னக்கா, உயிரோட இருக்கும்போதே உயிலா?"

"செத்தப்புறம் எழுத வக்கீல் ஒத்துக்க மாட்டேங்கிறாரே."

"கிண்டல் பண்ணாத. குட்டிய நான் பாத்துக்க மாட்டேனா?"

"பாத்துக்குவே. அதத்தான் எழுதி வைக்கிறேன்."

"அப்ப எம்மேல நம்பிக்கை இல்ல."

"உம்மேல இருக்கு. உன் டேப் மேல இல்ல."

தம்பி வாக்குத் தவறுவார் என்று இப்போதே சொல்வது நியாயமில்லைதான். ஆனால் வாக்கைக் கேட்டு வாங்கியவர் போன பிறகு, அதை நினைவூட்ட மிஞ்சும் ஒரே ஆள், கொடுத்தவர்தான். அது எவ்வளவு பெரிய சுமை என்பதைக் கொடுக்கும்போது யாரும் நினைப்பதில்லை.

சனிக்கிழமை காலை, கண்ணாடி வெட்டும் மேசையைத் துடைத்துவிட்டு அதன் மேல் உயிலை வைத்தார்கள். சாட்சிக்கு மருந்துக்கடைக்காரரும் தையல்காரரும் வந்திருந்தார்கள். தம்பியும் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்தார். தன்னைக் கேட்காமல் எதுவும் நடக்கவில்லை என்று நாலு பேர் பார்க்க வேண்டுமே. அம்மாள் கையெழுத்துப் போட்டதும் தம்பியே பேனாவை வாங்கிக்கொண்டார்.

"வீட்டு ஆம்பள நான் இருக்கேன். முதல் சாட்சி நான்தான்."

வக்கீல் பதறி வாயைத் திறந்தார். அம்மாள் கையமர்த்தினார்.

"நானே சொல்றேன் சார். டேய், உயில்ல பங்கு இருக்கறவன் சாட்சி போட்டா, அவன் பங்கு போயிடும். குட்டிக்குக் குடுத்தது நிக்கும். உனக்குக் குடுத்தது நிக்காது."

"விளையாடறியா?"

வக்கீல் இல்லையென்று தலையசைத்தார்.

"வீடு எனக்கு வேணாம், குட்டி போதும்னு நெனச்சா போடு," என்றார் அம்மாள். "நீ போட்டேன்னா, இத இங்கயே கிழிச்சுப் போட்டுட்டு உன் வாக்கையே நம்பறேன். இவங்க எல்லாம் கேட்டுக்கிட்டுதான் இருக்காங்க."

பேனா தாளுக்கு ஒரு விரல் உயரத்தில் நின்றது. குட்டி மட்டும் மேசையின் மூலையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தம்பி பேனாவை மூடி வைத்தார்.

"வண்டிய வெயில்ல நிறுத்திட்டு வந்துட்டேன்," என்று எழுந்து போனார்.

மற்ற இருவரும் கையெழுத்துப் போட்டார்கள்.

"அண்ணன் ஏன் போடல?" என்றாள் குட்டி.

"அவன் போட்டுட்டுதான்டி போறான்," என்றார் அம்மாள்.

அசல் வங்கி லாக்கருக்குப் போனது. நகலுக்கு அம்மாள் தேக்குப் பிரேம் போட்டார், குட்டி கண்ணாடி துடைத்தாள். கடைக்குள் நுழைந்ததும் கண்ணில் படும் சுவரில் அதை மாட்டினார்கள். படத்தோடு வந்து சண்டை போடுகிறவர்கள் இப்போது நடுவில் நிறுத்திவிட்டு அதைப் படிக்கிறார்கள்.

ஒரு வாரம் கழித்துத் தம்பி மறுபடி வந்தார்.

"வீட்டு விஷயத்த இப்படித் தெருவுக்குக் கொண்டுவந்து மானத்த வாங்கறியே. எடுத்துடுக்கா."

"பெட்டியில வச்சது காணாமப் போகும். ஊரே படிச்சது போகாது."

"எடுக்க மாட்டே?"

"மூணு அங்குல ஆணிடா. முழுசா எறங்கியிருக்கு," என்றார் அம்மாள். "சந்தேகம்னா அளந்து பாரு. டேப்தான் வச்சிருக்கியே."