பிஸ்கட் டின்னுக்குள் மஞ்சள் கருவி

அப்பாவும் மகளும் சேர்ந்து கடைசியாகச் செய்த வேலைகளில் ஒன்று, புதுக் கைரேடியோவை வாளித் தண்ணீரில் அமுக்கிப் பார்த்தது. அரை மணி நேரம் உள்ளே தண்ணீர் போகாது என்று அட்டையில் போட்டிருந்தது. அவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே முப்பத்தைந்து நிமிடம் அமுக்கினார். அட்டையில் எழுதியவனா கடலுக்கு வரப்போகிறான் என்று கேட்டார்.

அவர் படகு எஞ்சின் மெக்கானிக். படகுத்துறையில் அவர் பெயரே 'சந்தேகம்'தான். புது ஸ்பார்க் பிளக்கைக்கூட முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் மாட்டுவார். விடுமுறை நாளில் தனியே தூண்டில் போடப் போவார். எங்கே என்று மனைவிக்குக்கூடத் தெரியாது. பின்னால் ஒரு படகு வந்தால் போதும், வேறு பக்கம் திருப்பிவிடுவார்.

கரையை விட்டுக் கொஞ்ச தூரம் போனாலே செல்போன் சிக்னல் செத்துவிடும். ரேடியோ என்ஜினியரான மகள் அதனால்தான் இரண்டு கருவிகளைத் தேர்ந்தெடுத்தாள். பக்கத்துப் படகைக் கூப்பிடக் கைரேடியோ. பக்கத்தில் படகே இல்லாவிட்டால் மஞ்சள் நிற அபாயக் கருவி. பொத்தானை அழுத்தினால் இருக்கும் இடம் செயற்கைக்கோள் வழியாக மீட்பு நிலையத்துக்குப் போய்விடும்.

மஞ்சள் கருவியை அவர் பிஸ்கட் டின்னில் போட்டு மூடினார்.

"எதுக்குப்பா டின்னுல?"

"சும்மா இருக்கும்போது அது வாயை மூடிக்கிட்டுத்தான் இருக்குன்னு யாரு பார்த்தா? என் மீன் இடம் ஊருக்கே தெரிஞ்சுபோகும்."

அவள் வேலையிடத்திலிருந்து சிக்னல் அளக்கும் கருவியைக் கொண்டுவந்து, டின்னைத் திறந்து பக்கத்தில் வைத்தாள். திரையில் ஒரு அசைவும் இல்லை. அளக்கிற கருவி ரிப்பேராக இருந்தால் என்றார். கார் சாவியை அழுத்திக் காட்டினாள், கோடு துள்ளியது. பாதி நம்பினார்.

பாக்கி ஒரு படிவம். கருவியைப் பதிவு செய்திருந்தால், சிக்னல் வந்ததும் நிலையத்தார் வீட்டுக்குப் போன் செய்து, ஆள் உண்மையிலேயே கடலில்தானா என்று கேட்டுக்கொள்வார்கள். அதில் 'வழக்கமாகச் செல்லும் பகுதி' என்று ஒரு வரி. அவர் முகம் மாறியது. படிவம் வாங்கும் துறைமுக அலுவலகக் கவுன்டரில் இருப்பவரின் மச்சானும் தூண்டில்காரனாம். தோராயமாக எழுதச் சொன்னாள். திங்கட்கிழமை தானே கொண்டுபோய்க் கொடுப்பதாகச் சொன்னார்.

"குடுப்பீங்களா, மாட்டீங்களா?"

"என் மேலயே சந்தேகமா?"

"உங்க பொண்ணுதானே."

மூன்று திங்கட்கிழமைகள் போயின. அடுத்த ஞாயிறு படகு கவிழ்ந்தது.

அவர் டின்னைத் திறந்து பொத்தானை அழுத்தியிருந்தார். கருவி வேலை செய்தது. இடம் சரியாகப் போய்ச் சேர்ந்தது. ஆனால் யாருடையது என்று பதிவில்லை, கேட்டுப் பார்க்க ஒரு போன் எண் இல்லை. அந்த வாரம் பொய் அபாய சிக்னல் இரண்டு வந்திருந்தது. ஒவ்வொரு படகுத்துறையாக விசாரித்துவிட்டு மீட்புப் படகு புறப்பட ஒரு மணி நேரம் ஆனது. கவிழ்ந்த படகு அன்றே கிடைத்தது. அவர் மறுநாள் கிடைத்தார்.

மகள் நிலையத்தின் பதிவேட்டு நகலை வாங்கி நான்கு முறை படித்தாள். பேட்டரியைச் சந்தேகப்பட்டாள், ஆன்டெனாவை, விற்ற கடைக்காரரை, நிலையத்தாரை. கருவியில் ஒரு குறையும் இல்லை.

பட்டறை ஆணியில் அவர் சட்டை தொங்கியது. பையில் படிவம், ஓரத்தில் கிரீஸ் கட்டைவிரல் தடம். 'வழக்கமாகச் செல்லும் பகுதி' வரியில் ஒரு பொய் இடத்தை எழுதி அடித்திருந்தார். கீழே டிகிரி, நிமிடம் என்று எண்கள். பதிவேட்டு நகலில் சிக்னல் வந்த இடத்தோடு ஒப்பிட்டாள். அரை மைல்கூட வித்தியாசம் இல்லை.

கையெழுத்தும் போட்டிருந்தார். துறைமுக அலுவலகம் பட்டறையிலிருந்து நான்கு கட்டடம் தள்ளி.