துருன்யானில் மாறிய செருப்பு

பக்கத்து வீட்டு ஜீவரத்தினத்துக்கு எழுபத்திரண்டு வயது. லண்டன் தோர்ண்டன் ஹீத் ஸ்டேஷனில் டிக்கெட் கேற்றடியில் இருபத்திரண்டு வருஷம் நின்ற மனுஷன். டிக்கெட் இல்லாதவனை விட்டுவிட்டு, டிக்கெட் வைத்திருப்பவனிடம் மன்னிப்புக் கேட்கிற சுபாவம். மனைவி செத்தபிறகு புட்டு அவிக்கவும் தெரியாமல் பாணும் ஜாமும் தின்று கிடந்தான். மகள் மேனுஷாதான் போன தையில் பாலித் தீவுக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

கடற்கரையில் கிடந்துவிட்டு வந்திருந்தால் ஒரு கரைச்சலும் இல்லை. பங்லி என்ற மலைப்பகுதிக்குப் போயிருக்கிறார்கள். அங்கே எரிமலைக்குக் கீழே ஓர் ஏரி, கரையில் துருன்யான் என்ற ஊர். ராசாக்கள் வந்து சடங்குகளை மாற்றுவதற்கு முந்தியே இருந்த சனமாம். பாலியில் மற்றவர்கள் பிணத்தை எரிக்க, இவர்கள் எரிப்பதுமில்லை, புதைப்பதுமில்லை. கலியாணம் கட்டி, நோயிலோ வயதிலோ செத்தவர்களை வள்ளத்தில் கொண்டுபோய், ஒரு பெரிய மரத்தடியில் மூங்கில் கூட்டுக்குள் கிடத்திவிடுவார்கள். பதினொரு இடம்தான். புதிதாக ஒருவர் வந்தால் பழையவரின் மண்டையோடு கல்லின்மேல் ஏறும். அந்த மரத்தின் வாசத்தில் பிண நாற்றமே வராதாம். செத்தவர்களின் கோப்பை, உடுப்பு, செருப்பு எல்லாம் அங்கேயே சிதறிக் கிடக்கும்.

ஜீவரத்தினம் வள்ளத்தால் இறங்கியதும் கண்டது ஒரு கல்வாசல். கோயில் வாசல் மாதிரியே இருந்ததாம். நம்முடைய ஆள் செருப்பைக் கழற்றிவிட்டு, கும்பிட்டுக்கொண்டே உள்ளே போயிருக்கிறான். திரும்பும்போது மழை. வள்ளக்காரன் கத்த, கண்ட நீல ரப்பர் செருப்புக்குள் காலை விட்டுக்கொண்டு ஓடிவந்துவிட்டான். ஹோட்டலில் சூட்கேசுக்குள் எறிந்ததை லண்டனுக்கு வந்துதான் வெளியே எடுத்தான்.

மூன்றாம் நாள் காலை என் கதவைத் தட்டினான்.

"அக்கா, இது என்ர செருப்பில்லை."

வார் அறுந்த இடத்தில் சிவப்பு நூலால் தைத்திருந்தது.

"எட விசரா, பின்னை ஆற்றை?"

"அங்க செத்த ஆரோ ஒரு பொம்பிளையின்ர. அவ தேடி வாறா."

"செத்தவ பிளேன் ஏறி வந்தவளோ? விசாவும் எடுத்தவளோ?"

"வந்து பாருங்கோ."

போனேன். வாசலிலிருந்து செருப்புத் தட்டு வரைக்கும் கார்ப்பெட்டில் ஈர வெறுங்கால் தடம். ஒடுங்கிய பெண் கால். உள்ளே வந்திருந்தது, வெளியே போகவில்லை. கதவு உள்ளால் பூட்டித்தான் கிடந்ததாம். குனிந்து தொட்டேன். ஐஸ் மாதிரிக் குளிர். சேற்று மணமில்லை, ஏதோ பிசின் மாதிரி ஒரு வாசம்.

"தபாலில திருப்பி அனுப்பு."

"ஆற்றை பேருக்கு, அக்கா?"



ஒவ்வொரு நாள் விடியவும் தடத்தைத் துடைத்தான். ஈரத்தைக் கண்ட மேனுஷா, தகப்பனுக்கு மூத்திரம் அடக்க முடியாமல் போய்விட்டது என்று நினைத்தாள். இவன் உண்மையைச் சொல்ல, புத்தி பேதலித்துவிட்டது என்றே முடிவு கட்டினாள். வட லண்டனில் எட்மண்டன் பக்கம் ஒரு முதியோர் இல்லம் பார்த்துவிட்டு, வியாழக்கிழமை அவனுக்குப் புத்தி சரியோ என்று சோதிக்கக் கவுன்சிலிலிருந்து ஆளையும் கூப்பிட்டாள்.

"ஆன்ரி, அப்பா தனிய இருக்கிறது சேஃப் இல்லை. செருப்புக்குத் தேத்தண்ணி வைக்கிறார்."

"கொப்பர் ஆருக்குத்தான் தேத்தண்ணி வைக்கேல்ல?"

அவள் போனபிறகு ஜீவம் என் கையைப் பிடித்தான். "என்னை அங்க விட்டா நான் செத்துப்போவன், அக்கா."

வியாழன் விடியவே போய்ச் செருப்பைச் சந்தைப் பைக்குள் போட்டு என் வீட்டில் கொண்டுவந்து வைத்தேன். கார்ப்பெட்டை ஹெயர் டிரையரால் காயவைத்தேன். கவுன்சில்காரி நாள், மாதம், வருஷம் எல்லாம் கேட்டாள். ஜீவம் பிழையில்லாமல் சொன்னான். பிறகு என் பக்கம் திரும்பினாள். மேனுஷா மொழிபெயர்த்தாள்.

"வீட்டுக்க ஆரோ வருகினம் எண்டு அப்பா உங்களிட்டச் சொன்னவரோ, ஆன்ரி?"

ஜீவம் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இஞ்ச என்னைத் தவிர ஒரு நாயும் வாறேல்ல. மகளும் ஞாயிற்றுக்கிழமையில மட்டுந்தான். அதையும் எழுதச் சொல்லு."

பாதியைத்தான் மொழிபெயர்த்தாள். அது போதுமாக இருந்தது. ஜீவம் தன் வீட்டிலேயே இருக்கலாம் என்று எழுதிவிட்டுப் போனாள் கவுன்சில்காரி.

அடுத்த நாள் காலை என் வீட்டில் தடம். அவன் வீட்டில் செருப்புத் தட்டடியில் நின்றது, இங்கே செருப்பைத் தாண்டிக் குசினிக்குள் போயிருந்தது. மேசையடியில், வருஷக்கணக்காக ஒருவரும் இருக்காத எதிர்ப்பக்கக் கதிரை பின்னுக்கு இழுபட்டுக் கிடந்தது.

"காலைத் துடைச்சுப்போட்டு வந்தா என்னடி?" என்று ஏசிவிட்டு, பழைய துவாய் ஒன்றை வாசலில் போட்டேன்.

இரண்டு மாதமாகிறது. துவாய் காலையில் நனைந்திருக்கும். நேற்று ஜீவம் கேட்டான்: "செருப்பை என்ன செய்தனீங்கள், அக்கா?"

"குப்பையில எறிஞ்சிட்டன்" என்றேன்.

உண்மையைச் சொன்னால், என்மேல் பாவம் பார்த்துத் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விடுவான்.