பூவோடு உருவிய சரம்

ஐம்பதுகளின் நடுவில் ஓர் ஆவணி மாதம், போடிநாயக்கனூருக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்தில் நடந்தது இது. எனக்கு அப்போது பத்தொன்பது வயது. ஊர் ராசிங்காபுரம். பள்ளிக்கூடத்தை முடித்துவிட்டு அண்ணன் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அண்ணன் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். மதினியும் சொல்ல மாட்டார். எனக்குச் சோறு போடும்போது மட்டும் கரண்டி கொஞ்சம் சத்தமாக விழும்.

அதுவரை நான் கூலி வாங்கியது போடி ஏலக்காய் மண்டியில் பத்து நாள் சாக்கு தைத்ததற்கு மட்டும்தான். ஆனால் எஸ்டேட்டில் மேற்பார்வைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்ததும், ‘ஏலத்தோட்டத்தில் இரண்டு பருவம் அனுபவம்’ என்று மனுவில் கூசாமல் எழுதினேன். கூடப் படித்தவன்தான் தூண்டிவிட்டான். “எழுதுடா மாப்ளே, வாயுள்ள புள்ள பொழச்சுக்கும். மலையெறங்கி வந்து எவன் விசாரிக்கப் போறான்?” என்றான்.

நடந்தே மலையேறினேன். மானேஜர் மனுவைப் படித்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். “ரெண்டு பருவமா? அப்பச் சரி. இன்னைக்கு ஒரு வரிசையப் பாத்துக்க. சாயங்காலம் சொல்றேன்” என்றார்.

என் வரிசையில் ஆறு பெண்கள். ஏலச்செடி ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும். காய் மட்டும் அடித்தூரில், தரையோடு படர்ந்த சரத்தில் இருக்கும். குத்தவைத்துத்தான் எடுக்க வேண்டும். தூறல் விடவில்லை. அட்டை காலில் ஏறுவதுகூட எனக்குத் தெரியவில்லை, அவ்வளவு பயம். தேவாரத்திலிருந்து வந்திருந்த ஒரு பெண், என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர், ஒவ்வொரு காயாகத் தடவித் தடவி எடுத்துக்கொண்டிருந்தார். அதிகாரம் காட்டாவிட்டால் சந்தேகப்படுவார்களே என்று, “வெரசா எடுங்க” என்று அதட்டினேன். அதோடு நின்றிருக்கலாம். எப்படி எடுப்பது என்று காட்டுகிறேன் பேர்வழி என்று நானே குனிந்து, எங்கள் காட்டில் கதிரை உருவுகிற மாதிரி, மூன்று தூரில் இருந்த சரங்களை ஒரே இழுப்பாக உருவிவிட்டேன்.

அந்தப் பெண் பதறிப்போய் என் கையைப் பிடித்தார். “அய்யய்யோ! வெளஞ்ச காய மட்டுந்தான் எடுக்கணும் தம்பி. பூவும் பிஞ்சும் சரத்துலயே நிக்கணும். ஒரு மாசங் கழிச்சு அடுத்த சுத்துக்கு வருவோம்ல? உங்களுக்கு இது தெரியாதா?”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. தெரியாது என்றேன். மனுவில் எழுதியதையும் சொன்னேன். இந்த வேலை இல்லையென்றால் எந்த முகத்தோடு வீட்டுக்குப் போவேன் என்றேன். அவர் நான் உருவியதையெல்லாம் அள்ளித் தன் கூடையின் அடியில் போட்டு, மேலே நல்ல காயைப் பரப்பினார். “எனக்குந்தான். தை வரைக்கும் இந்தச் சோலிய வச்சுத்தான் எங்க வீட்டுல அடுப்பெரியுது. சரி விடுங்க, கூட்டத்தோட கூட்டமாப் போயிரும்” என்றார்.

போகவில்லை. சாயங்காலம் கூடைகளைக் கொட்டியபோது வெள்ளைப் பூவும் பிஞ்சுமாக மேலே வந்து விழுந்தது. “எவ கூடை இது?” என்று மானேஜர் கத்தினார். அந்தப் பெண் என்னைத் திரும்பிப் பார்த்தார். கெஞ்சுகிற பார்வை இல்லை. நான் சொல்லுவேன் என்று நம்புகிற பார்வை. ‘நான்தான் சார்’ என்று இரண்டே வார்த்தை. வாயுள்ள பிள்ளைக்கு அன்று வாய் எழும்பவில்லை. குனிந்து காலில் இருந்த அட்டையைப் பிடுங்கிக்கொண்டிருந்தேன்.

“தெரியாமப் பண்ணிட்டேன் சார்” என்று அவரே சொல்லிவிட்டார். காலையில் இறங்கிப் போய்விட வேண்டும் என்று உத்தரவு ஆனது. மானேஜர் என் பக்கம் திரும்பி, “அனுபவப்பட்டவன், நீ பாத்திருக்க வேணாமா? நாளையிலருந்து ஒழுங்காப் பாரு” என்றார். எனக்கு வேலை கிடைத்துவிட்டது.

மறுநாள் விடிந்ததும் பாதையில் போய் நின்றேன். துணி மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு அவர் வந்தார். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன், ஆனால் ஒதுங்கி வழிதான் விட்டேன். அவர்தான் நின்றார். “தம்பி, அந்த மூணு தூருலயும் அடுத்த சுத்துக்குக் காய் இருக்காது. அன்னைக்கு மானேஜரு வந்தா அந்தப் பக்கம் கூட்டிட்டுப் போயிராதீங்க” என்று சொல்லிவிட்டு இறங்கினார். அவர் திட்டியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும்.

மீதி ஐந்து பெண்களுக்கும் விஷயம் தெரிந்திருந்தது. யாரும் காட்டிக்கொடுக்கவில்லை. என்ன சொன்னாலும் “சரிங்க” என்பார்கள், அவ்வளவுதான். செடிகளுக்குள்ளே சிரிப்பும் பேச்சுமாகக் கேட்கும். நான் கிட்டே போனால் அடங்கிவிடும். மழை நாளில் தனியாக உலை வைத்து, தனியாகச் சாப்பிட்டு, பேச்சுத்துணைக்கு ஆள் இல்லாமல் அந்த மலையில் கிடந்தேன். மதினியின் கரண்டிச் சத்தத்துக்குக்கூட மனசு ஏங்கியது. அப்படியே இரண்டு பருவம் ஓடியது. மனுவில் எழுதிய பொய் உண்மையாகிவிட்டது.

இறங்கி வந்ததும் தேவாரத்துக்குப் போய்த் தேடினேன். பெயர் கேட்டார்கள். எனக்குத் தெரியாது, ஒரு நாளும் கேட்டதில்லை. “மலைக்குக் காய் எடுக்கப் போற பொம்பளன்னா எந்த வீட்டச் சொல்றது?” என்று சிரித்தார்கள்.

பிறகு எத்தனையோ வேலைக்கு மனுப் போட்டேன். எல்லாவற்றிலும் ‘இரண்டு பருவம் அனுபவம்’ என்று எழுதினேன். அதை எழுதும்போதெல்லாம், என் வாயைப் பார்த்துக்கொண்டு ஒரு பெண் கூடைக்குப் பக்கத்தில் இன்னும் நிற்கிற மாதிரிதான் இருக்கும்.