லைன் அக்கா போட்ட ஓட்டு

அரண்மனையின் கீழ்த்தளத்தில், ஜன்னல் இல்லாத அறையில், தொலைபேசி இணைப்புப் பலகையின் முன்னால் உட்கார்ந்திருந்தவளை எல்லோரும் 'லைன் அக்கா' என்றுதான் கூப்பிட்டார்கள். கல்யாணம் ஆகவில்லை. வீட்டுக்குப் போனால் பேச ஆள் கிடையாது. இங்கே இருந்தால் பேசுவதெல்லாம் அடுத்தவர்கள். மன்னரின் முகத்தைக்கூட அவள் பார்த்ததில்லை. காதோடு பழகிய குரல், அவ்வளவுதான்.

மன்னராட்சியா, குடியரசா என்று ஜனங்களையே ஓட்டுப் போடச் சொன்னார்கள். அவள் மன்னருக்குப் போட்டாள். அரசியல் ஒன்றுமில்லை, இருக்கிற ஒரு குரலும் போய்விடுமே என்ற பயம். மன்னர் தோற்றார்.

"ராஜாவோட ஆளுன்னு உன் சீட்டைக் கிழிச்சிடுவாங்க பாரு," என்றாள் தங்கை, போனில்.

கிழிக்கவில்லை. ஜனங்கள் தேர்ந்தெடுத்த தலைவர், பழைய பள்ளிக்கூட வாத்தியார், மாடிக்குக் குடிவந்தார். அவர் முதல்முறை லைன் கேட்டபோது இவளுக்கு வாய் நிற்கவில்லை.

"ஐயா, நான் ராஜாவுக்குத்தான் போட்டேன்."

"அதை நீங்க யார்கிட்டயும் சொல்லவே வேணாம்மா," என்றார் அவர். "ஓட்டுல ஜெயிச்சேன், அது ஜனநாயகம். அதுக்காக நான் ராஜா ஆயிட முடியாது. எனக்கும் மேல சட்டம் இருக்கு. தோத்தவங்களையும் அதுதான் காப்பாத்தும். குடியரசுன்னா அதுதான். சரி, என் மகளுக்கு லைன் குடுங்க."

சில வாரம் கழித்து வெளியிலிருந்து ஒரு அழைப்பு.

"டாக்டரைப் பிடி."

காதோடு பழகிய மன்னரின் குரல். "ஐயா, இங்கேருந்து உங்களுக்கு லைன் குடுக்கக் கூடாதுங்க. நீங்களே டாக்டர் நம்பரைச் சுத்தலாம்."

"எனக்குச் சுத்தத் தெரியாது. இதையே கீழ்வீட்டுக்காரர்தான் சுத்திக் குடுத்தார்."

நம்பரைச் சொல்லி, டயலில் விரலை எந்த ஓட்டையில் விட்டு எதுவரை இழுக்க வேண்டும் என்று பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தாள்.

"உன் பேர் என்னம்மா?" என்றார் அவர், இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக. சொன்னாள். அதற்குப் பிறகு அவர் கூப்பிடவில்லை.

அடுத்த தேர்தலில் அவள் வாத்தியாருக்குப் போட்டாள். அவரும் தோற்று, ஒரே ஒரு பெட்டியோடு வீட்டைக் காலி பண்ணிக்கொண்டு கிளம்பினார்.

"நீ யாருக்குப் போட்டாலும் மூட்டை கட்டிடறாங்கக்கா! அடுத்த தடவை எனக்குப் பிடிக்காதவங்களுக்குப் போடு," என்று தங்கை சிரித்தாள். இவளும் சிரித்தாள். அதற்குள் அங்கே குழந்தை அழ, தங்கை போனை வைத்துவிட்டாள். பலகையில் ஒரு விளக்கும் எரியவில்லை. இவள் மட்டும் கொஞ்ச நேரம் ரிசீவரைக் காதிலேயே வைத்திருந்தாள்.