பெயர் வெட்டாத டம்ளர்

"1995 ஏப்ரல் 14, வெள்ளி: ஆராதனை."

எங்கள் சபையின் ஜெபக்குழுவுக்காக நான் எழுதிய முறைப் பட்டியலில் அந்த நாளுக்கு நேராக இந்த ஒரு சொல்தான் இருக்கிறது. மற்ற எல்லா நாள்களுக்கு நேராகவும் ஒரு குடும்பத்தின் பெயர் இருக்கிறது. கையெழுத்து என்னுடையது.

பட்டியல் ஓர் அக்காவுக்காக எழுதப்பட்டது. பால்வாடியில் ஆயாவாக இருந்து ஓய்வு பெற்றவர், திருமணம் செய்துகொள்ளவில்லை. காந்திபுரத்திலிருந்து டவுன் பஸ்ஸில் இருபது நிமிடத் தூரத்தில், பதினோரு வீடுகள் கொண்ட ஒரு லைனில் குடியிருந்தார். அந்த ஜனவரியில் வயிற்றில் கட்டி என்றார்கள். பிப்ரவரி கடைசியில், இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். கூட இருந்தவள் தங்கை மகள் ஒருத்திதான். அவளுக்கு மில்லில் பகல் ஷிப்ட். காலை ஏழு மணிக்குப் போனால் திரும்ப மாலை ஐந்தாகும்.

மார்ச் முதல் வாரம் ஜெபக்கூட்டத்தை அவர் வீட்டிலேயே வைத்தோம். ஆமென் சொல்லி எழுந்திருக்கும்போது அக்கா பேசினார்.

"சாவறதுக்குப் பயமில்லீங்க. ஆருமில்லாத நேரமாப் பாத்துப் போயிருவனோன்னுதான் இருக்குது."

"தனியா உட மாட்டமுங்கக்கா" என்று முந்திக்கொண்டு சொன்னவன் நான்.

இருபத்தொரு குடும்பங்கள் ஒத்துக்கொண்டன. தினம் ஒரு வீட்டார் காலையில் கஞ்சியோடு போய், தங்கை மகள் திரும்பும்வரை உடன் இருக்க வேண்டும். பட்டியலை அக்கா வீட்டுக் கதவின் உள்பக்கம் ஒட்டினேன். ஒரு நகல் ஆலயத்தின் அறிவிப்புப் பலகைக்கு. படுத்தபடியே அதைப் பார்த்துவிட்டு அக்கா கேட்டார்:

"ஏனுங் தம்பி, அத்தனை தேதியும் எழுதிப்போட்டீங்க. நான் போற தேதி எங்கீங்க?"

"அதை நீங்கதான் சொல்லோணும்."

சிரித்தார். சிரித்ததும் வலித்திருக்க வேண்டும், வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

ஐந்து வாரங்களுக்கு மேல் ஒரு நாளும் தவறவில்லை.

எந்தப் பட்டியல் எழுதினாலும் பண்டிகை நாள்களை முதலில் குறித்துவிட்டுப் பிறகு பெயர்களை நிரப்புவது என் வழக்கம். பெரிய வெள்ளிக்கு நேராக "ஆராதனை" என்று எழுதினேன். பிறகு பெயர் சேர்க்க அந்தக் கட்டத்துக்குத் திரும்பி வரவே இல்லை. கட்டம் காலியாக இருந்திருந்தால் யாராவது கேட்டிருப்பார்கள். எழுத்து இருந்ததால், கதவருகில் தினமும் நின்றவர்கள் கண்ணிலும் அது குறையாகப் படவில்லை.

அன்று பன்னிரண்டு முதல் மூன்று மணிவரை சிலுவையின் ஏழு வார்த்தைகள் தியானிக்கப்படும். ஏழு பேர் பேசுவோம். எனக்குக் கொடுத்திருந்தது மூன்றாம் வார்த்தை, இயேசு தம் தாயைச் சீடனிடம் ஒப்படைத்தது. பதினெட்டு நிமிடம் பேசினேன். நன்றாகப் பேசியதாகச் சொன்னார்கள்.

ஆராதனை முடிந்து, உபவாசம் இருந்தவர்களுக்கு வாசலில் மோர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். போதகரின் மனைவி யாரிடம் என்றில்லாமல் கேட்டார்: "அக்காகிட்ட இன்னைக்கு ஆருங்க?"

"லிஸ்ட்ல ஆராதனைன்னு போட்டிருந்துச்சுங்களே" என்றார் ஒருவர்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

மொபெட்டில் போய்ச் சேர்ந்தபோது மூன்று இருபத்தைந்து. கதவு ஒருக்களித்திருந்தது. அக்கா போயிருந்தார். கை இன்னும் முழுவதும் சில்லிட்டிருக்கவில்லை. நெற்றியில் நான்காக மடித்த ஈரத்துணி. தலைமாட்டில் ஓர் எவர்சில்வர் டம்ளர், அடியில் கொஞ்சம் மோர்.

எழுந்து நடக்க முடியாதவர் அவர். துணியை நனைத்து வைத்தது யார்? ஐந்து மணிக்கு மில்லிலிருந்து திரும்பிய தங்கை மகளிடம் டம்ளரைக் காட்டினேன். அவர்கள் வீட்டுப் பாத்திரம் எல்லாவற்றிலும் அக்காவின் பெயர் வெட்டியிருக்கும். இதில் எந்தப் பெயரும் இல்லை. அவள் காலையில் கிளம்பும்போது, எப்போதும்போல் யாராவது வந்துவிடுவார்கள் என்று நினைத்திருக்கிறாள்.

அன்றைக்குத் தமிழ் வருடப் பிறப்பும்கூட. பக்கத்து வீட்டார் விடியும் முன்பே சென்னிமலைக்குப் போயிருந்தார்கள். எதிர்வீட்டு பாய் ஜும்மாவுக்குப் போயிருந்தார். அவர் மனைவி உக்கடத்தில் தாய்வீட்டில் இருந்து மாலையில்தான் வந்தார். நான் கேட்டதும் அவருக்கு முகம் மாறிவிட்டது.

"நானில்லீங்க. வந்திருந்தா உட்டுப்போட்டுப் போயிருப்பனுங்களா?"

சனிக்கிழமை மாலை அடக்கம். ஒருவரும் என்னைக் குறை சொல்லவில்லை. கல்லறையிலிருந்து திரும்பும் வழியில் தங்கை மகள் என் பக்கத்தில் வந்தாள்.

"ஆரோ வந்திருக்காங்கல்லங்க. அது போதும், உடுங்க."

என்னால் விட முடியவில்லை. இருபத்தொரு குடும்பங்களையும் கேட்டேன். லைனின் மற்ற வீடுகளையும், பால்காரரையும் கேட்டேன். யாரும் தாம் என்று சொல்லவில்லை. டம்ளரைத் தேடியும் ஒருவரும் வரவில்லை. அது என் மேசைமேல் இருக்கிறது.

சாவுப் பதிவுக்கு நேரம் கேட்டபோது, பகல் இரண்டு மணிக்கு மேல் இருக்கலாம் என்று உத்தேசமாகச் சொன்னேன். மோர் கொடுத்தவர் யார் என்பதும், மூச்சு நின்றபோது அவர் பக்கத்தில் இருந்தாரா, அதற்குள் போய்விட்டிருந்தாரா என்பதும் இன்றுவரை உறுதிசெய்யப்படவில்லை.