லிட்டருக்கு எட்டு

பெட்ரோல் பங்க்கில் அவருக்கு எட்டு என்று பெயர். வீட்டில் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அங்கே ஒருத்தரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள், அவர் உட்பட. இந்தப் பெயரை வாங்கிக் கொடுத்தது அவருடைய வாய்தான். அவர் ஓட்டியது இருபது வயதைத் தாண்டிய சொகுசுக் கார். ஆறு சிலிண்டர், தோல் இருக்கை, யானைக் கனம். அந்த ரகத்தை வேறு யார் ஓட்டினாலும் லிட்டருக்கு ஆறு கிலோமீட்டர் கிடைத்தாலே பெரிய விஷயம். "என் கையில எட்டு கொடுக்கும்" என்று இவர் பங்க்கில் நிற்கிற டிரைவர்களிடமெல்லாம் அளந்துகொண்டிருந்தார். வெறும் அளப்பு என்றும் தள்ளிவிட முடியாது. ஒரு காலத்தில் அந்தக் கார் எட்டு கொடுத்தது உண்மைதான்.

கொடுக்க வைத்தார் என்று சொல்வதே நியாயம். சிவப்பு விளக்கு தூரத்தில் தெரிந்ததுமே காலை எடுத்துவிடுவார். கார் தானாக ஊர்ந்து போய் நிற்கும். பின்னால் வருகிறவன் ஹாரன் அடித்தே ஓய்ந்து போவான். ஏற்றம் வந்தால் ஏசியை அணைத்துவிடுவார். பின்சீட்டில் முதலாளி டாக்டரம்மா கையிலிருக்கிற புத்தகத்தால் விசிறிக்கொண்டு, "நான் வெந்துட்டேன்பா" என்பார். "இறக்கம் வந்ததும் போட்டுடறேன்மா" என்று பதில் வரும். டிக்கியில் வேண்டாத ஒரு குடைகூட இருக்க விடமாட்டார். டேங்க் விஷயத்தில் இன்னும் கெடுபிடி. முள் பாதிக்குக் கீழே இறங்கக் கூடாது. இறங்கினால் அடியில் கிடக்கிற வண்டல் கிளம்பி பம்பை அடைக்கும், பம்பும் பெட்ரோலில் முழுகி இருந்தால்தான் சூடாகாது என்பது அவருடைய வேதம். அதற்காகக் கழுத்து வரை ரொப்பவும் விடமாட்டார். பங்க் குழாய் ஒரு தடவை 'டக்' என்றால் அத்தோடு நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேலும் அழுத்துகிறவர்களை அவர் பார்க்கிற பார்வையில் கை தானாக விலகும்.

டாக்டரம்மா வேலையில் இருந்தவரை ஊருக்கு வெளியே இருந்த ஆஸ்பத்திரிக்கு நெடுஞ்சாலையில் தினசரி ஓட்டம். இஞ்சின் நன்றாகச் சூடேறி ஒரே வேகத்தில் போய் வரும். எட்டு கொடுக்காமல் என்ன செய்யும்? டாக்டரம்மா ஓய்வு பெற்றதும் காருக்குச் சனி பிடித்தது. மருந்துக் கடை, நூலகம், மூட்டுவலிக்குப் பயிற்சி கொடுக்கிற இடம், எல்லாம் கூப்பிடு தூரம். இஞ்சின் சூடேறுவதற்குள் போய்ச் சேர்ந்துவிடும். அங்கே நின்று ஆறிப்போய், திரும்பவும் சில்லென்று கிளம்பும். குளிர்ந்த இஞ்சின் குடிக்கிற குடியைச் சொல்லி முடியாது. வயதும் சேர்ந்துகொண்டது. எட்டு ஏழானது, ஏழு ஆறானது. மெக்கானிக்கிடம் கொண்டுபோய்க் காட்டினார். "இஞ்சினைப் பிரிக்கணும்ணே. பிரிச்சா கார் விலையைவிடச் செலவு ஜாஸ்தியாயிடும்" என்று அந்த ஆள் கையைத் துடைத்துக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்துத்தான் டாக்டரம்மாவின் மகள் அந்த வார்த்தையைச் சொன்னாள். மகள் ஆடிட்டர், அம்மாவின் வரவு செலவெல்லாம் அவள் பொறுப்பு. பங்க்கில் பெட்ரோல் போடுகிறபோதெல்லாம் பில்லையும் ஓடிய கிலோமீட்டரையும் எட்டு அவளுக்கு போனில் அனுப்ப வேண்டும் என்று அப்போதுதான் புதிதாக ஏற்பாடு. ஒருநாள் அவள் பின்சீட்டில் அம்மாவோடு உட்கார்ந்துகொண்டு, "இது மட்டும் ஏழுக்குக் கீழ போகட்டும், அன்னிக்கே வித்துத் தலைமுழுகிடறேன் பாரு" என்று சிரித்தாள். அம்மாவும் சிரித்தார். முன்சீட்டில் இருந்தவருக்குச் சிரிப்பு வரவில்லை. ஐம்பத்தாறு வயதாகிறது. ஸ்டியரிங்கைத் தவிர வேறெதையும் பிடித்துப் பழகாத கை. கார் போய்விட்டால் டிரைவர் எதற்கு?

நேராகப் போய், "வயசாயிடுச்சும்மா, குடிக்குது" என்று அன்றைக்கே சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை. எட்டு என்று பேர் வாங்கியவருக்கு ஆறு என்று சொல்ல நாக்கு வளையவில்லை. வறட்டுக் கௌரவம். அதற்காக அவர் செய்த காரியத்தைக் கேட்டால் எவருக்கும் சிரிப்புதான் வரும். வேறொரு பங்க்கில் கைக்காசைப் போட்டு கேனில் பெட்ரோல் வாங்கிவந்து, விடிந்ததும் கார் துடைக்கிற சாக்கில், அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஆள் நடமாட்டம் தொடங்குவதற்கு முன், டாக்டரம்மாவின் டேங்கில் ஊற்ற ஆரம்பித்தார். மகளின் கணக்கில் வருவது பில்லில் உள்ள பெட்ரோல் மட்டும்தானே? அவள் கணக்கில் கார் மறுபடியும் எட்டு கொடுத்தது. முதலாளி காரிலிருந்து பெட்ரோல் எடுக்கிற டிரைவரை உலகம் பார்த்திருக்கிறது. ஊற்றுகிற டிரைவரை எவன் பார்த்தான்?

வீட்டுக்காரிக்கு மட்டும் ஏதோ உறுத்தியது. அவள் துணிக்கடையில் தையல் பிரிவில் இருந்தாள், கண் கூர்மை. மூக்குக்கண்ணாடி மாற்ற வேண்டும் என்று சொன்ன மனுஷன் அதைப் பற்றிப் பேச்சே எடுப்பதில்லை. மத்தியானம் வெளியே சாப்பிடுகிறவர் இப்போது வீட்டிலிருந்து டப்பா கேட்கிறார்.

"குடிக்கிறீங்களா?" என்று ஒருநாள் கேட்டே விட்டாள்.

"நானா? சீ!"

"அப்ப யாரு குடிக்கிறா?"

அதற்கு அவரிடம் சரியான பதில் இருந்தது. கார் என்று எப்படிச் சொல்வது?

மாட்டிக்கொண்டது அந்தக் காரின் அமைப்பினால். டேங்க் வாய்க்குள் ஒரு சின்ன மூடி உண்டு. பங்க் குழாய் நுழைந்தால் விலகிக் கொடுக்கும். கேனைச் சாய்த்தால் விலகாது, எல்லாம் வெளியே வழிந்துவிடும். அதனால் ஒரு ரப்பர் குழாயை உள்ளே செருகி, மறுமுனையில் புனலை வைத்து, கேனைத் தோளுயரத்துக்குத் தூக்கி ஊற்றுவார். அன்று ஊற்றி முடித்தாயிற்று. காலி கேனைத் தரையில் வைத்துவிட்டுப் புனலைத் துடைத்துப் பையில் போட்டார். குழாயை இன்னும் உருவவில்லை. டேங்கிலிருந்து நேராகக் கேன் வாய் மேல் தொங்கிக்கொண்டிருந்தது. "என்னண்ணே பண்றீங்க?" என்று பின்னாலிருந்து கட்டடத்துக் காவலாளியின் குரல் கேட்டது. அவர் திரும்புவதற்குள் போனில் படம் பிடித்தாயிற்று.

அந்தப் படத்தைப் பார்த்தால் அவரைப் பெற்றவளே திருட்டு என்றுதான் சொல்லியிருப்பாள். டேங்க், குழாய், கீழே கேன், பக்கத்தில் திருதிருவென்று முழிக்கிற ஆள். பெட்ரோல் எந்தப் பக்கம் போனது என்று படத்திலா தெரியும்?

மாடிக்குக் கூப்பிட்டார்கள். மகள் அலுவலகத்துக்குப் போகாமல் நேராக வந்திருந்தாள். போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டி, "இது என்னங்க?" என்றாள். அவர் படத்தைப் பார்த்தார், டாக்டரம்மாவைப் பார்த்தார். உண்மையைச் சொன்னால் கார் போய்விடும். சொல்லாவிட்டால் திருடன். இரண்டில் எதைப் பிடிப்பது என்று தெரியாமல் அவர் நிற்கும்போதே டாக்டரம்மா கேட்டார்.

"எத்தனை நாளாப்பா?"

அதுதான் குத்தியது. 'நீயா?' என்று அவர் கேட்கவில்லை. 'இருக்காதே' என்று ஒரு வார்த்தை மகளிடம் சொல்லவில்லை. எத்தனை நாளாக என்றுதான் கேட்டார். கணவர் இறந்த அன்று டாக்டரம்மாவை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தது இதே ஆள். வழி நெடுக ஒரு பிரேக்கும் அதிராமல் ஓட்டிவந்து, கதவைத் திறந்து, அவர் இறங்க மனமில்லாமல் உட்கார்ந்திருந்த அத்தனை நேரமும் பக்கத்திலேயே நின்றிருந்தார். இப்போது சாவியை மேஜை மேல் வைத்துவிட்டுப் படியிறங்கினார்.

பகலிலேயே வீடு வந்த புருஷனைப் பார்த்ததும் மனைவிக்குப் பகீரென்றது. உட்காரவைத்துக் கேட்டாள். எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஊர்ல ஆம்பளைங்க தான் குடிச்சுக் காசைத் தொலைக்கிறாங்க. நீங்க அடுத்தவங்க காருக்கு ஊத்திக் கொடுத்திருக்கீங்க! இதை நான் யார்கிட்ட சொல்லி அழறது?"

"சத்தம் போடாத."

"போய்ச் சொல்லுங்க. இப்பவே போங்க."

"சொன்னா கார் போயிடும்டி."

"சொல்லலேன்னா உங்க பேரு போயிடும். அதை எந்த பங்க்ல போய் ரொப்புவீங்க?"

இரவெல்லாம் புரண்டுவிட்டு மறுநாள் காலை போனார். மகளும் அங்கேதான் இருந்தாள். நின்றபடியே சொன்னார், தரையைப் பார்த்துக்கொண்டு. எடுக்கவில்லை, ஊற்றினேன் என்றார். மகள் நம்பவில்லை. யார்தான் நம்புவார்கள்? "இதைவிட நல்லதா ஒரு பொய் கிடைக்கலையா உங்களுக்கு?" என்றாள். சொல்லிவிட்டு, ஏதோ தோன்றி, போனை எடுத்துப் பழைய கணக்கைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். அவள் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது.

"அம்மா, திருடியிருந்தா மைலேஜ் குறைஞ்சிருக்கணும். இங்க எல்லாம் எட்டு, எட்டு, எட்டுன்னு இருக்கு. மருந்துக் கடைக்கும் நூலகத்துக்கும் போற கார் நெடுஞ்சாலைல போனப்ப கொடுத்த அதே எட்டு. எப்படிக் கொடுக்கும்?" அவள் அவர் பக்கம் திரும்பினாள். "நிஜமா எவ்வளவுதான் கொடுக்குது?"

அவர் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார்.

"எதுக்கு இப்படிப் பண்ணீங்க?"

"ஏழுக்குக் கீழ போனா வித்துடறேன்னு சொன்னீங்களே, சின்னம்மா."

"நானா? எப்ப?"

அவள் பொய் சொல்லவில்லை. அவளுக்கு நிஜமாகவே ஞாபகம் இல்லை. அவர் சாப்பாட்டையும் கண்ணையும் சுருக்கிக்கொண்டு காப்பாற்றியது அவள் சொன்னதும் மறந்துபோன ஒரு கேலிப் பேச்சு. அது புரிந்ததும் அவருக்கு அவமானமாக இருந்தது. திருடன் என்று நின்றபோது இருந்ததைவிட அதிக அவமானம்.

டாக்டரம்மா, "நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாதுப்பா" என்றார். "பரவால்லம்மா" என்றார் இவர். பரவாயில்லாமல் இல்லை. அது இரண்டு பேருக்கும் தெரிந்தே இருந்தது. சாவி திரும்பவும் இவர் கைக்கு வந்தது. அதன் பிறகு காரில் போகும்போது டாக்டரம்மா விசிறவும் இல்லை, வெந்துபோனதாகச் சொல்லவும் இல்லை. ஏசியை அணைத்தாலும் கம்மென்று உட்கார்ந்திருந்தார். பழைய உரிமையில் ஏச முடியாத ஒருவரைப் பின்னால் வைத்துக்கொண்டு ஓட்டுவது எவ்வளவு கனம் என்று எட்டு அப்போதுதான் தெரிந்துகொண்டார். கடைசியில் அம்மாவே மகளிடம் சொல்லிவிட்டார்: "இந்தக் காரைப் பார்த்தாலே மனசு கஷ்டமா இருக்கு. கொடுத்துடு."

வாங்க வந்தவர் பானெட்டைத் திறக்கவே இல்லை. கதவுகளைத் தட்டிப் பார்த்தார், விளக்குகளைத் தடவினார், தோல் இருக்கையைக் கிள்ளிப் பார்த்தார். பேச்சை நகர்த்துவதற்காக மகள், "மைலேஜெல்லாம் டிரைவரைக் கேளுங்க" என்றாள்.

எல்லாரும் அவர் பக்கம் திரும்பினார்கள். அஞ்சு என்றால் வியாபாரத்தைக் கெடுக்கிறான் என்று நினைக்கலாம். எட்டு என்றால் பழைய பொய். பங்க்கில் இத்தனை வருஷமாக அவர் சொல்லவே சொல்லாத எண்ணைச் சொன்னார்.

"அஞ்சு. அதுவும் பார்த்து ஓட்டினா."

வந்தவர் சிரித்துவிட்டார். "அஞ்சு கொடுத்தா என்ன, அம்பது கொடுத்தா என்னண்ணே? நான் ஓட்டவா போறேன்? கதவு தனி, சீட்டு தனி, லைட்டு தனின்னு பிரிச்சு விக்கத்தான் எடுக்கிறேன்."

மகள் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள். எட்டுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இத்தனை பேருக்கு நடுவே அழக் கூடாது என்று பல்லைக் கடித்தார். லாரி வந்து காரை ஏற்றிக்கொண்டு போனது. பிறகு அவர் டாக்டரம்மாவிடம் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வாசலை நோக்கி நடந்தார்.

"நாளைக்குக் காலைல வழக்கம்போல வந்துடுப்பா" என்றார் டாக்டரம்மா.

அவர் நின்று திரும்பினார். "எதுக்கும்மா?"

அவர் எதிர்த்துப் பேசவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். டாக்டரம்மா ஒரு பதிலைத் தேடிக்கொண்டு அங்கேயே நின்றார்.